மூன்று மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே

பாளையங்கோட்டையில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால், நான்கு மாடியும் பதினாறு வீடும் மொட்டைமாடியில் எந்நேரமும் ஒழுகுகிற ஒரு தண்ணீர்த் தொட்டியுமாகக் குறிஞ்சி அடுக்ககம் என்று ஒன்று நிற்கிறது. அங்கே போன சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருந்தது. அதைச் செய்தவள் நான். செய்தவள் என்கிற ஒரே காரணத்தால் அதில் எனக்கு மட்டும் பங்கில்லாமல் போனது.

என் பெயர் செண்பகவல்லி, வீடு மூன்றாம் மாடியில். படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம், தங்கியது அவர்களுடைய விடுதி. அந்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து நான்கு வரை மௌன நேரம் என்று ஒன்று உண்டு. அந்த ஒரு மணி நேரம் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வார்டன் சிஸ்டர் பெர்னதெத்கூட எங்களைக் கூப்பிட மாட்டார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நான் ஏங்கியது நகைக்கோ பட்டுக்கோ இல்லை, அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

மகள் காந்திமதி பூனாவில் வேலைக்குப் போகும்போது தன் பழைய லேப்டாப்பையும் டேப்லெட்டையும் என்னிடம் போட்டுவிட்டு, படம் பார்த்துப் பொழுதைப் போக்கும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். படத்தில் எல்லாப் பெண்களும் யாருக்காவது காபி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பாட வீடியோக்களைப் பார்த்து, ஆறு மாதத்தில், சொந்தமாக ஆப் எழுதக் கற்றுக்கொண்டேன். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இது நடந்தால் அதைச் செய், அது இல்லையென்றால் இதைச் செய், இரண்டும் இல்லையென்றால் கோபப்படாமல் முதலிலிருந்து தொடங்கு என்று எழுதுவதுதான் அந்த வேலை. குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது புதுசா?

முதலில் எழுதியது, அடுக்களையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஆப். எங்கள் வீட்டில் ‘சீனி’ என்று எழுதிய டப்பாவில் உளுந்தும், ‘துவரம்பருப்பு’ என்று எழுதியதில் சீனியும், பழைய பிஸ்கட் டப்பாவில் காபித்தூளும் இருக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் ஒரு நாளைக்கு முப்பது தடவை என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டாவது, தொட்டிக்கு மோட்டார் போடுவது இன்றைக்கு யார் முறை என்று சொல்லும் ஆப்.

இங்கேதான் எரிச்சல் தொடங்குகிறது. ஆப் ஸ்டோர் என்கிற கடையில் இறக்கும் ஆப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நம் கையால் எழுதி நம் டேப்லெட்டிலே நாமே போட்டுக்கொண்ட ஆப்புக்கு ஏழு நாள்தான் ஆயுசு. எட்டாம் நாள் அதன் படம் மட்டும் திரையில் உட்கார்ந்திருக்கும், தொட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து, ‘இந்தச் செயலி இப்போது கிடைக்காது’ என்று சொல்லும். மறுபடி லேப்டாப்பில் வயரைச் செருகி, நான்தான் நான்தான் என்று நிரூபித்து, டேப்லெட் செய்த கம்பெனியின் கையெழுத்தை வாங்க வேண்டும். அதுவும் மூன்று ஆப்புக்கு மேல் கூடாது. விடுதியில் ஞாயிற்றுக்கிழமை வெளியே போகச் சீட்டுக் கேட்டு சிஸ்டர் அறைவாசலில் நின்றது போலத்தான். அப்போதாவது எனக்குப் பதினான்கு வயசு. டேப்லெட் என்னுடையது, விரல் என்னுடையது, எழுதியது நான். அனுமதி மட்டும் வாராவாரம், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முகம் தெரியாத எவனிடமோ. வெள்ளிக்கிழமை காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்ததும் அந்த வயரைச் செருகுவது வழக்கமாகிவிட்டது.

மூன்றாவதாக எழுதியதுதான் அந்த ஒரு மணி நேரம். திரை நடுவில் ஒரே ஒரு பொத்தான், அழுத்தினால் அறுபதிலிருந்து குறைந்துகொண்டே வரும் நிமிடக் கணக்கு, கீழே ஒரு வரி: ‘நான்கு மணி வரை என்னைக் கூப்பிடக் கூடாது.’ இவ்வளவுதான். அதை ஒரு செவ்வாய்க்கிழமை, கடிகாரம் மூன்று அடித்ததும் அழுத்தினேன். மூன்று மணி அடித்தது, மூன்று மணியாகவே இருந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே பஸ் பாலத்தின் மேல் ஏறாமல் இறங்காமல் நின்றது, சுவருக்கு மேலே ஒரு காக்கை சிறகை விரித்தபடி ஆகாயத்தில் நின்றது, வெயில் விழுந்த இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. சுவருக்கு உள்ளே மட்டும் மின்விசிறி ஓடியது, தொட்டி ஒழுகியது, அறுபது ஐம்பத்தொன்பதாகியது. நான் அடுக்களைப் பால்கனியில் நாற்காலியைப் போட்டு, எதிரே ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் காலைத் தூக்கி வைத்தேன். கணக்கு முடிந்ததும் பஸ் இறங்கியது, காக்கை போனது, மறுபடியும் மூன்று மணி.

பதினோரு நாள் யாருக்கும் தெரியாது. குறிஞ்சியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினாறு வீடும் படுத்துத் தூங்கும்; எல்லாரும் ஒரு மணி நேரம் அதிகமாகத் தூங்கி, இன்றைக்கு நல்ல தூக்கம் என்று சொல்லி எழுந்தார்கள். அந்தப் பதினோரு நாளில் நான் என்ன செய்தேன் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். ஒரு நாள் ஒரு முழு மாம்பழத்தை, யாருக்கும் கீற்றுப் போடாமல், முழங்கை வரை சாறு ஒழுக உட்கார்ந்தபடி தின்றேன். மற்ற நாளெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கண்டுபிடித்தவள் நாலாம் மாடி ஜெசிந்தா, பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். மூன்று வெயில் காய வேண்டிய கூழ்வத்தல் இரண்டே வெயிலில் காய்ந்து நொறுங்குவதைப் பார்த்து, மறுநாள் மொட்டைமாடியில் குடையும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்தாள்; காக்கை நிற்பதைப் பார்த்தாள், கீழே இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

“மைனி, மூணு மணிக்கு நீங்க என்னமும் பண்ணுதீங்களா?” என்றாள்.

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது சிஸ்டர் பெர்னதெத் வைத்துவிட்டுப் போன கெட்ட பழக்கம். சொன்னேன். அவள் அதிசயப்படவில்லை, அப்படியானால் மிளகாயும் சேர்த்துக் காயப்போடலாமா என்றுதான் கேட்டாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மிளகாய் சொல்லிவிட்டது. மொட்டைமாடி முழுக்க ஜெசிந்தாவின் மிளகாய் சிவந்து கிடப்பதைப் பார்க்க வந்தவர்கள் காக்கையையும் பார்த்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. முதல் இரண்டு நாள் மரியாதையாக வந்து, தட்டில் பழம் வைத்து, உங்க புண்ணியத்தில் கொஞ்சம் மூச்சு விடுகிறோம் மைனி என்றார்கள். மூன்றாம் நாள் தரைத்தளத்தில் டியூஷன் தொடங்கியது, நான்காம் நாள் இரண்டாம் மாடியில் நான்கு வீட்டு மாவை ஒரே கிரைண்டரில் ஆட்டினார்கள், ஐந்தாம் நாள் மாடிப்படிக்குக் கீழே ஆம்பிளைகள் கேரம் பலகையை விரித்தார்கள், ஆறாம் நாள் பொம்பிளைகள் திருப்புகழ் வகுப்பு வைத்தார்கள். பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகளை அடுத்த தெருவிலிருந்து அழைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் இரண்டு ஐம்பதுக்கே வந்து நின்றார்கள், இரண்டு ஐம்பத்தெட்டுக்கு வாட்ச்மேன் இசக்கி கேட்டைச் சாத்துவார், சாத்தியபின் வந்தவர் சுவருக்கு வெளியே காலைத் தூக்கியபடி காக்கையைப் போல் நிற்பார். இசக்கி, தான் ஒரு மணி நேரம் அதிகமாக வேலை பார்க்க முடியாது என்று சொல்லி, கேட்டைச் சாத்தியதும் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். அந்த நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்திய ஒரே ஆள் அவர்தான்.

ஜெசிந்தா ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்து, இப்படியே போனால் வருஷத்துக்குப் பதினைந்து நாள் நாம் ஊரைவிட முன்னாலேயே கிழவியாகிவிடுவோம் என்று சொன்னாள். இரண்டு நாள் அடுக்ககமே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கம்மென்று இருந்தது. மூன்றாம் நாள், அந்த ஒரு மணி நேரத்தில் நடைப்பயிற்சி செய்தால் கணக்கு நேராகிவிடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு மொட்டைமாடியில் தொப்புத் தொப்பென்று நடக்கிற சத்தமும் சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் நல்ல மனுஷர். அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது; நானே முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். விஷயம் வெளியான முதல் நாள் அவர் எழுந்து வந்து, பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறதே செண்பா, கூடுதலாக ஒரு காபி குடித்தால் என்ன என்று கேட்டார். அடுத்த வாரம் காபியோடு வெங்காய பஜ்ஜி. அதற்கடுத்த வாரம் கேரம் ஆடுகிற நான்கு பேருக்கும் சேர்த்து. இந்த ஒரு மணி நேரம் வருவதற்கு முந்தி நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அடுப்பு மூட்டியவள், இப்போது மூன்று தடவை மூட்டினேன், ஆகாயத்தில் காக்கை நிற்க.

சங்கச் செயலாளர் சொரிமுத்து அண்ணாச்சி ஓய்வுபெற்ற தாசில்தார். ஓய்வுபெற்ற அன்றைக்கு முத்திரையை மட்டும்தான் அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்தார், மற்றதெல்லாம் கூடவே வந்துவிட்டது. அவர் அதற்குப் ‘பொது மணி’ என்று பெயர் வைத்து, சுற்றறிக்கை ஒட்டி, டேப்லெட்டைச் சங்க அறையில் வைப்பதுதான் முறை என்று சொன்னார். கொடுத்தேன். தினமும் மூன்று மணிக்கு அவரே பொத்தானை அழுத்தினார். பொத்தானுக்குக் கீழே இருக்கும் வரி வருகிறவர்கள் மனசைப் புண்படுத்துகிறது என்று திருப்புகழ் வகுப்பில் பேச்சு வந்தது. அதை எடுத்துவிட்டு ‘அனைவரும் வருக’ என்று போடச் சொன்னார்கள். போட்டேன். இருபத்தேழு வருஷம் மாற்றச் சொன்னதை மாற்றிப் பழகிய கை, அதுவாகவே மாற்றிவிட்டது. அன்றைக்கு நான் ராட்சசியாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

என்னிடம் மிஞ்சியது வெள்ளிக்கிழமை மட்டும். வெள்ளி காலை டேப்லெட்டை மேலே கொண்டுவந்து தருவார்கள், நான் வயரைச் செருகிக் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடும். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், நாளைக்கு வெள்ளி மைனி. படியில் கண்டால், மறந்துராதிய மைனி. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது குளியலறைக் கதவைத் தட்டி, குளிச்சிட்டு மாட்டிருவீங்கல்லா. கோவில்பட்டியில் தங்கை மகளுக்கு வளைகாப்பு என்று நான் ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டு சனிக்கிழமை திரும்பியபோது, ஒரு நாள் பொது மணி இல்லாமல் போனதற்காக அடுக்ககமே இழவு வீடு போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. மாவு ஆட்டாத இரண்டாம் மாடி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

இந்த ஏழு நாள் தொல்லையை ஒழிக்க, முதல் மாடியில் ஒருவர் வேலை பார்க்கிற கம்பெனி மூலமாக ஆப்பைக் கடைக்கே அனுப்பிவிடலாம், அப்புறம் யார் தயவும் வேண்டாம் என்று சொரிமுத்து அண்ணாச்சி ஏற்பாடு செய்தார். யார் தயவு என்று அவர் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் டேப்லெட் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. உங்கள் செயலியில் ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது, பயனர்களுக்கு நிலையான பயன் எதுவும் இதில் இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே ஏற்க இயலாது. அண்ணாச்சி மேற்படி பொத்தானானது என்று தொடங்கி மூன்று பக்கத்துக்கு மேல்முறையீடு எழுதினார். அதே பதில் மறுபடியும் வந்தது. அடுக்ககமே அந்தக் கம்பெனியைத் திட்டியது. நான் அடுக்களைக்குள் போய்ச் சிரித்தேன். சித்திரைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அதன் பேரில் ஒரு வியாழக்கிழமை பொதுக்குழு கூடியது, பொது மணியில்தான். ஆப்பில் இன்னும் நான்கு பொத்தான் சேர்த்தால் கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்வான், மைனி ஒரு வாரத்தில் எழுதித் தருவார்கள் என்று முடிவாகிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். முப்பது பேருக்குக் காபி கொடுத்துவிட்டுக் கையில் தட்டோடு நின்றிருந்ததால், எழுந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தட்டைக் கீழே வைத்தேன்.

“எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேணும், அண்ணாச்சி.”

“உங்களுக்கும் சேத்துத்தானம்மா இருக்கு.”

“சேத்து வேண்டாம். தனியா வேணும்.”

தனியாக இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்புகழ்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொன்னேன்.  நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார்கள். சொரிமுத்து அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை, அவர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒண்ணும் செய்யாம இருக்கதுக்கு எதுக்கும்மா ஒரு மணி நேரம்?”

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முடிவில், ஒன்று விட்டு ஒரு செவ்வாய்க்கிழமை, திருப்புகழ் முடிந்து கேரம் தொடங்கும் முன், இருபது நிமிடம் திருமதி செண்பகவல்லி அவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது என்று தீர்மானம் எழுதினார்கள். வழிமொழிந்தவர் என் வீட்டுக்காரர். எனக்கு ஏதோ வாங்கித் தந்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில். வீட்டுக்கு வந்ததும், பார்த்தாயா, கேட்டால் கிடைக்கும் என்றார். ஜெசிந்தா மட்டும் கையைத் தூக்கவில்லை. போகிறபோது கீழே கிடந்த தட்டை எடுத்து என் கையில் கொடுக்காமல் அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வெள்ளி. வாசல் தெளித்தேன். டேப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லேப்டாப்பைத் திறந்தேன், வயரை எடுத்தேன், எடுத்த வயரைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, மசாலா சாமான் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு வந்து கேட்டபோது டேப்லெட்டைக் கொடுத்தேன். மாட்டியாச்சா என்று கேட்டிருந்தால் இல்லை என்று உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக யாரும் கேட்கவில்லை, நான் மாட்டியிருப்பேன் என்று அவ்வளவு நிச்சயம்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியைப் போட்டேன், முக்காலியைப் போட்டேன், காலைத் தூக்கி வைத்தேன். கீழே கேட்டைச் சாத்தும் சத்தம், கேரம் காய்களைக் கொட்டும் சத்தம், கிரைண்டரில் அரிசி விழும் சத்தம். கடிகாரம் மூன்று அடித்தது. சுவருக்கு மேலே பறந்து வந்த காக்கை, நிற்க வேண்டிய இடத்துக்கு வந்து, நிற்காமல், தொட்டியின் மேல் போய் உட்கார்ந்தது. பஸ் பாலத்தில் ஏறி இறங்கியது. மூன்று மணி ஒன்று. மூன்று மணி இரண்டு.

மாடிப்படியில் பதினாறு வீட்டுச் செருப்பும் ஏறி வந்தன. முதலில் வந்தவள் ஜெசிந்தா. வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், பிறகு திரும்பி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் தோளுக்கு மேலாகச் சொரிமுத்து அண்ணாச்சி டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார். சாம்பல் பெட்டி தெரிந்தது.

“தங்கச்சி, ஏழு நாள் முடிஞ்சிட்டு. ஒரு வயரு மாட்டுற வேலதான்.”

“நாலு மணிக்கு வாங்க, அண்ணாச்சி.”

“நாலு மணிக்கு வந்து என்னம்மா செய்ய? மூணு மணி போயிருமே.”

“போகட்டும். எல்லா ஊர்லயும் போகத்தான செய்யுது.”

அவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். டியூஷன் பிள்ளைகளை அழைத்து வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டாம் மாடிக்காரி அரிசி ஊறிவிட்டதே என்று யாரிடமோ சொன்னாள், யாரோ என்னை நன்றி கெட்டவள் என்று சொன்னதும் காதில் விழுந்தது. எதற்கு நன்றி என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது; கேட்டால் காலைக் கீழே இறக்க வேண்டியிருக்கும், விட்டுவிட்டேன். ஒவ்வொரு செருப்பாகப் படியிறங்கிப் போயின.

என் வீட்டுக்காரர் மட்டும் பால்கனி வாசலில் நின்றார். அவருக்கு நிலைமை புரிந்தது, ஆனால் நேரமும் ஆகியிருந்தது.

“செண்பா, காபி?”

“இப்போது கிடைக்காது” என்றேன்.

டேப்லெட்டில் அந்தப் பெட்டி வந்தால் மனுஷர்கள் என்ன செய்வார்களோ அதையே அவரும் செய்தார். கொஞ்சம் காத்திருந்தார். இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக, செண்பா என்றார். அப்புறம் அடுக்களைக்குள் போனார். டப்பாவைச் சொல்லும் ஆப்பும் அண்ணாச்சி கொண்டுபோன அதே டேப்லெட்டில், அதே வெள்ளிக்கிழமைக் கணக்கில்தான், அதுவும் அன்றைக்குச் செத்திருந்தது. ஆகவே, மூன்று மணி பத்திலிருந்து, அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, மூடி, திறந்து, மூடி, முகர்ந்து பார்க்கிற சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏதோ கொட்டியது. ஏதோ உருண்டது. இருபத்தேழு வருஷத்தில் இத்தனை சத்தத்துக்கு நான் எழுந்து போகாமல் இருந்ததில்லை. முழங்கால் இரண்டும் தானாக எழப் பார்த்தன, கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்றே முக்காலுக்கு ஒரு டம்ளரைக் கொண்டுவந்து, முக்காலியில் என் காலுக்குப் பக்கத்தில், கூப்பிடாமல் வைத்துவிட்டுப் போனார்.

தொட்டியின் மேலிருந்த காக்கை ஒழுகுகிற தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டு எங்கேயோ பறந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை.

நான்கு அடித்ததும் காலைக் கீழே இறக்கி அந்தக் காபியைக் குடித்தேன். ஆறியிருந்தது, தூள் அதிகம், சீனியே இல்லை. ‘துவரம்பருப்பு’ என்று எழுதியிருந்ததை நம்பி, அந்த டப்பாவை மட்டும் அவர் திறக்காமல் விட்டிருக்கிறார். வெளியே ஊருக்கெல்லாம் நான்கு மணி ஆகியிருந்தது, எங்கள் வீட்டிலும்.